பெஞ்சிலிருந்து தனியாக எழுந்து நிற்க முடிகிறதா?

என் பெரியப்பா டிபி வந்து இறந்தவர். 2011-ல், சளிப் பரிசோதனையில் நோய் உறுதியான 19-ஆம் நாள். மருந்துக்குக் குறையே இல்லை. ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் அவர் பெயர் எழுதிய மருந்துப் பெட்டியே தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். முதல் வேளை மாத்திரைகளை நர்ஸம்மா முன்னால்தான் விழுங்கினார். அப்புறம் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். "ஆறு மாசம் விடாம சாப்பிடுங்கய்யா, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆறு மாதம் சாப்பிட அவர் இல்லை.

அவரால் தானாக எழுந்து நிற்க முடியவில்லை என்பதை அந்த அறையில் இருந்த எல்லாரும் பார்த்தோம். ஆனால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, அதை வைத்து உடனே ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) டிபி உறுதியான ஒருவர் அப்படி எழ முடியாமல் உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு காரணமே போதும். அவரை வீட்டுக்கு அனுப்பாமல், படுக்கை உள்ள மருத்துவமனைக்கு அனுப்பி, டாக்டர் முழுமையாகப் பார்த்து அட்மிட் செய்ய வேண்டும் என்பதுதான் 2022 ஏப்ரலிலிருந்து இங்கே உள்ள ஏற்பாடு. திட்டத்தின் பெயர் 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து உருவாக்கியது.

ஆராய்ச்சி செய்கிறவர்களும் மருத்துவமனை நடத்துகிறவர்களும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறார்கள். பேச்சாகக் கேட்கும்போது அதில் பிடிப்பு எதுவும் கிடைக்காது. இந்த ஒரு திட்டத்தையும் அதற்குப் பின்னால் மதராஸில் நடந்த பழைய கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அப்படிச் சேர்வதால் எது மாறுகிறது, சேராவிட்டால் எது விட்டுப்போகிறது என்பது நன்றாகத் தெரிகிறது.

முதலில் அந்தப் பரிசோதனையைப் பார்க்கலாம். நோய் உறுதியானவுடன் எடை, உயரம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, இரண்டு காலிலும் வீக்கம் இருக்கிறதா, தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா, இவ்வளவையும் பார்க்கிறார்கள். எடையையும் உயரத்தையும் வைத்து பிஎம்ஐ, அதாவது உயரத்துக்குத் தகுந்த எடை இருக்கிறதா என்று காட்டும் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அது 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, 16-க்குள் இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தாலோ ஆபத்து. நிமிடத்துக்கு 24 மூச்சுக்கு மேல் போனால் ஆபத்து. ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆபத்து. நிற்க முடியாவிட்டால் ஆபத்து. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும். பிஎம்ஐ 14 என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன்: 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 38 கிலோதான் இருப்பார். அந்த உடம்பில் மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்குள் ஆளே போய்விடக்கூடும்.

டிபியால் இறப்பவர்களில் பெரும்பாலானவர்கள் சிகிச்சை தொடங்கிய முதல் 2 மாதங்களுக்குள்ளேயே இறக்கிறார்கள். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை, டிபி வார்டில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்ததுதான். மருந்து 6 மாதத்துக்கு. சாவு முதல் சில வாரங்களில். ஆகவே யார் அந்த முதல் வாரங்களைத் தாண்டமாட்டார் என்பதை முதல் நாளே கண்டுபிடிக்க வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

தேசிய அளவில் இதற்கு ஏற்கெனவே வழிகாட்டுதல் இருந்தது. நோயாளியின் நிலைக்குத் தகுந்தபடி சிகிச்சையைப் பிரித்துக் கொடுங்கள் என்று 2021-லேயே சொன்னார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டியவை என்று அதில் இருந்த பட்டியல் நீளமானது. லேப் பரிசோதனைகளும் அதில் உண்டு. மருத்துவக் கல்லூரியில் அதையெல்லாம் செய்துவிடலாம். காலை பத்தரை மணிக்கு 80 பேர் வரிசையில் நிற்கும் பி.எச்.சி.யில் எப்படிச் செய்வது? பட்டியலில் இருந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் நல்ல ஆதாரம் இருக்கலாம். மொத்தமாக அது செய்ய முடியாத ஒன்றாகத்தான் இருந்தது.

ஆராய்ச்சியாளர் ஹேமந்த் தீபக் ஷேவாடேயின் குழு முதலில் கர்நாடகத்தில் சில மாவட்டங்களில் இதைச் சுருக்கிப் பார்த்தது. டாக்டர் பக்கத்தில் இல்லாவிட்டாலும், டிபி பணியாளரோ நர்ஸோ தன்னிடம் இருக்கும் கருவிகளை வைத்தே முடித்துவிடக்கூடிய அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். தமிழ்நாட்டுக்கு வந்தபோது மாநிலக் காசநோய் அலுவலர் ஆஷா ஃப்ரெடெரிக்கும் மாவட்ட அலுவலர்களும் அதில் பங்காளிகள் ஆனார்கள். பிறகு வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளிலும் திட்டத்தில் வேலை செய்பவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெயருக்காக இதைச் சொல்லவில்லை. மாத்திரை கொடுக்கும் ஆளும், புள்ளிவிவரம் போடும் ஆளும் ஒரே தாளைப் பார்த்துப் பேசினார்கள் என்பதற்கு அது அடையாளம்.

பிஎம்ஐ 14 என்ற எல்லைக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 16-க்குக் கீழே போனாலே கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஜார்கண்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் டிபி நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் 16-க்குக் கீழே இருந்தார்கள். கோட்டை 16-ல் போட்டால் வருகிறவர்களில் பெரும்பகுதியை அட்மிட் செய்யச் சொல்ல வேண்டும். படுக்கைக்கு எங்கே போவது? எல்லாரையும் அவசரம் என்றால், ஒரு வாரத்தில் யாரும் அவசரம் இல்லை என்றாகிவிடும். 14-ல் போட்டால் பத்தில் ஒருவர் போலத்தான் சிக்குகிறார், அவருக்கு ஒரு படுக்கையை ஏற்பாடு செய்துவிட முடிகிறது. நூலகத்தில் உட்கார்ந்து இந்த எண்ணுக்கு வர முடியாது. எந்த ஜி.எச்.சில் எத்தனை படுக்கை காலியாகும் என்று தெரிந்தவர் மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

படுக்கை விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது. தமிழ்நாட்டில் பி.எச்.சி.கள் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகின்றன. தாலுகா, மாவட்ட மருத்துவமனைகள் மருத்துவ ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். நோயாளியைக் கண்டுபிடிப்பவர் ஒரு துறை, படுக்கை கொடுப்பவர் வேறு துறை. பி.எச்.சி. நர்ஸ் சீட்டு எழுதி அனுப்பினால், "டிபிக்கு எதுக்கு அட்மிஷன், வீட்லயே மாத்திரை சாப்பிடலாமே" என்று அங்கே திருப்பி அனுப்பும் வாய்ப்பு எப்போதும் இருந்தது. மூன்று துறையையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்து, எந்த மருத்துவமனை எந்தப் பகுதிக்குப் படுக்கை தரும் என்று முன்கூட்டியே முடிவு செய்ததுதான் இந்தத் திட்டத்தின் பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். ஆய்வுக் கட்டுரையில் அது ஒரு வரியாகத்தான் வரும்.

சரி, "டிபிக்கு எதுக்கு அட்மிஷன்" என்ற அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அதுவும் ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். உலகமே வணங்க வேண்டிய ஆராய்ச்சி, இதே சென்னையில் நடந்தது.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்று ஒன்று தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை. அப்போது டிபி என்றால் சானடோரியம்தான். தாம்பரம் சானடோரியம் என்று இன்னும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, அந்த மாதிரி இடங்களில் மாதக்கணக்கில் படுத்து, ஓய்வெடுத்து, நன்றாகச் சாப்பிட வேண்டும். நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகள் கட்ட யாராலும் முடியாது. அதனால் அரசுக்கு ஒரு நேரடிக் கேள்வி இருந்தது: குடிசையில் இருக்கும் ஏழையை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா, வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு நோய் பரவுமா?

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வீட்டில், ஒரு பாதி சானடோரியத்தில். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959-ல் முடிவு வந்தது. வருடக் கடைசியில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் நோய் அடங்கியவர்களாக இருந்தார்கள். ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சிறு இடைவெளியும் காணாமல் போனது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. நெருக்கடியான வீடுகள், மட்டமான சாப்பாடு, ஓய்வில்லாத நாட்கள், இவ்வளவுக்கும் நடுவில் மாத்திரை வேலை செய்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக இந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம். கோடிக்கணக்கான ஏழைகளுக்குச் சிகிச்சை எட்டியது இதனால்தான். சென்னைக்காரர்கள் பெருமைப்படலாம், பலருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

ஆனால் அந்த ஆய்விலிருந்து எது ஊருக்குள் போனது, எது சேத்துப்பட்டிலேயே நின்றுவிட்டது என்று பாருங்கள்.

ஆய்வில் வீட்டில் இருந்தவர்கள் வாரத்துக்கு ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். வராவிட்டால் ஆள் தேடிப் போனது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த 86 சதவீதம் மாத்திரையால் மட்டும் வந்த எண் இல்லை. வீட்டுக்கதவைத் தட்டிய ஆட்களும் அதில் சேர்த்தி. 1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் தொடங்கியபோது 'வீட்டிலேயே சிகிச்சை' என்ற முடிவை எடுத்துக்கொண்டார்கள். கதவைத் தட்டும் ஆட்களுக்குப் பணமோ பதவியோ போதிய அளவில் ஒதுக்கப்படவில்லை. நோயாளி கையில் ஒரு மாதத்து மாத்திரை, அடுத்த மாதம் அவர் வந்தால் உண்டு. முப்பது வருடம் கழித்து 1992-ல் திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, சிகிச்சையை முடித்தவர்கள் மிகவும் குறைவு என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் 1997-லிருந்து 'டாட்ஸ்' என்று, ஒருவர் கண்ணெதிரே மாத்திரை விழுங்கும் முறை நாடு முழுக்க வரத் தொடங்கியது. கண்ணெதிரே கொடுக்கும் அந்த யோசனையை ஃபாக்ஸ் மதராஸில் இருந்தபோதே எழுதியிருந்தார். இங்கே பிறந்த ஒன்று உலகத்தைச் சுற்றி நம்மிடமே திரும்பி வர அத்தனை வருடங்கள். நடுவில் போன உயிர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அதே காலத்தில் நல்லபடியாக நடந்த ஒன்றும் உண்டு. 1959-ல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கினார்கள். நாட்டுக்கு ஏற்ற ஒரு திட்டத்தை வடிவமைப்பதே அதன் வேலை. அங்கே டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஒரு ஆய்வு செய்து 1963-ல் வெளியிட்டார்கள். கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அவர்களாக ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள், எக்ஸ்ரே வண்டியோடு நாம்தான் ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆய்வில் தெரிந்தது வேறு. நோய் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இருமல் தாங்காமல் ஏற்கெனவே பக்கத்து அரசு மருந்தகத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்கு இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இந்த ஒரு தகவல்தான் திட்டத்தையே திருப்பியது. தேடிப் போவதற்கு முன், வருகிறவரின் சளியைப் பாருங்கள் என்று ஆனது. இன்றும் அரசு மருத்துவமனையில் இரண்டு வாரம் இருமல் என்றால் சளி டப்பா கையில் கொடுக்கிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. கேள்வி கேட்டவர்களும் திட்டம் போட்டவர்களும் ஒரே கட்டிடத்தில் இருந்ததால் அது நடந்தது.

இப்போது சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் கோபமும் ஆற்றாமையும் அதிகம். மதராஸ் ஆய்வில் வீட்டில் இருந்தவர்கள் மோசமாகச் சாப்பிட்டும் குணமானார்கள். 1961-ல் அதைப் பற்றித் தனிக் கட்டுரையே வந்தது: நோய் அடங்குவதை உணவு தீர்மானிக்கவில்லை என்று. அந்த ஆய்வு கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். ஆனால் காலப்போக்கில் அந்தப் பதில் பெரிதாகிக்கொண்டே போய், 'டிபிக்கு மாத்திரை போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம்' என்ற அளவுக்கு வந்துவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்பதும் அப்படியே 'யாராக இருந்தாலும் வீட்டில்தான்' என்றானது. நோயாளிகளில் மிக மோசமான நிலையில் இருக்கும் அந்தப் பத்தில் ஒருவர் பொது விதிக்குள் காணாமல் போனார்.

உணவுக் கேள்வியை மறுபடி எடுத்தவர்கள் மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும். கூடச் சேர்ந்தது சேத்துப்பட்டு மையமேதான், இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 2019-லிருந்து ஜார்கண்டில் 4 மாவட்டங்களில் 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் இந்த மாதிரி. பாதி இடங்களில் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும். 2023-ல் முடிவு வந்தது. குடும்பத்துக்கும் சாப்பாடு கிடைத்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு ஆபத்து பாதிக்கும் கீழே இருந்தது. அரசின் திட்டக் களப்பணியோடு சேர்ந்தே இதைச் செய்தார்கள். அரிசி மூட்டையை மலைக்கிராமத்துக்கு யார் கொண்டுபோவது என்ற கேள்விக்கும் ஆய்விலேயே பதில் தேடவேண்டியிருந்தது. டிபி நோயாளிக்கு மத்திய அரசு 2018-லிருந்து கொடுத்து வந்த மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. இன்றைய பருப்பு விலைக்கு அது போதாது. ஆனாலும் எடை மிஷின் எத்தனை மாத்திரை என்று முடிவு செய்ய மட்டும்தான் என்ற நிலை மாறிவிட்டது.

எடை மிஷின் என்றதும் பெரியப்பாவின் சிகிச்சை அட்டை நினைவுக்கு வருகிறது. பெரியம்மா இன்னும் அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். எடை 36 கிலோ என்று நீல மையில் எழுதியிருக்கிறது. உயரம் எங்கேயும் இல்லை, அப்போது யாரும் கேட்கவும் இல்லை. அவர் உயரம் எனக்குத் தெரியும், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருவார், 168 சென்டிமீட்டர். கணக்குப் போட்டேன். பிஎம்ஐ 13-க்கும் கீழே. ஆக, நிற்க முடியாததை விட்டுவிட்டாலும், அந்த ஒரு எண்ணே அவரை அட்மிட் செய்யப் போதுமானதாக இருந்திருக்கும்.

தமிழ்நாட்டுத் திட்டத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அவர்கள் எண்ணும் விதம். இத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் எண்ணவில்லை. நோய் உறுதியானவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பரிசோதனை நடந்தது, எத்தனை பேர் ஆபத்தில் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அட்மிட் ஆனார்கள், எத்தனை நாள் கழித்து ஆனார்கள் என்று படிப்படியாக எண்ணுகிறார்கள். அப்போதுதான் எந்த மாவட்டத்தில் எந்தப் படியில் ஆள் நழுவுகிறார் என்று தெரியும். ஒரு மாவட்டத்தில் பரிசோதனையே நடக்கவில்லை என்றால் அது பயிற்சிப் பிரச்சினை. பரிசோதனை நடந்து அட்மிஷன் நடக்கவில்லை என்றால் அது படுக்கைப் பிரச்சினை. முதலில் தாளிலும், கூடவே ஒரு செயலியிலும் இதைப் பதிந்தார்கள். 2025-ல் அந்தச் செயலியில் இன்னொன்று சேர்ந்தது: பிஎம்ஐ உள்பட பரிசோதனையின் ஐந்து விவரத்தையும் போட்டால் இந்த நோயாளி இறக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. ஆபத்தில் இருப்பவர்களுக்கு அது 10-லிருந்து 50 சதவீதம் வரை வரலாம், மற்றவர்களுக்கு 1-லிருந்து 4. மூன்று சதவீதம் என்று தெரிவதும் நாற்பது சதவீதம் என்று தெரிவதும் போன் எடுக்கும் கையின் வேகத்தை மாற்றும்.

பலன் இருந்ததா? முதல் வருடத்திலேயே தொடக்ககால இறப்புகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகத் திட்டக் குழு சொல்கிறது. மாவட்டத்துக்கு மாவட்டம் வித்தியாசம் உண்டு. இது முன்னும் பின்னும் ஒப்பிட்ட கணக்கு. மதராஸ் ஆய்வு மாதிரி குலுக்கிப் போட்டுச் செய்தது இல்லை, அதனால் குறைந்தது முழுக்க இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நிற்க முடியாதவரை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கும் ஒரு குலுக்கல் ஆய்வை இன்றைக்கு யாரும் நடத்தமாட்டார்கள், நடத்தவும் கூடாது.

பாக்கி நிறைய இருக்கிறது. ஆபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே நாளில் அட்மிட் ஆகிறார்கள், ஆனால் கால்வாசிப் பேருக்கு ஆறு நாள் வரைகூட ஆகிறது. அந்த ஆறு நாளில் என்ன நடக்கிறது என்று ஊகிக்கச் சொன்னால் என்னால் ஊகிக்க முடியும். கூலிக்குப் போகிற மகன் லீவு போட முடியாது. மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நோயாளியே "சாகறதுன்னா வீட்லயே சாகறேன்" என்பார், எங்கள் பெரியப்பாவும் அந்த ரகம்தான். துணைக்கு ஒருவர் வந்து தங்கினால் அவருக்குச் சாப்பாடு, அன்றைய கூலியில் ஒரு பகுதி, இதெல்லாம் அடுத்த கேள்விகள். இதற்குப் பதில் சொல்லப் போகிறவர்கள் டாக்டர்களாக மட்டும் இருக்க மாட்டார்கள்.

தொடக்கத்தில் இந்தத் திட்டம் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிற பெரியவர்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. தனியார் டாக்டர்களிடம் போகிறவர்கள் கணிசமானவர்கள். தெருமுனை கிளினிக்கில் பிஎம்ஐ யார் போடுவது, 14 என்று வந்தால் எந்த எண்ணுக்கு போன் செய்வது, அந்த முனையில் எடுப்பவர் யார்? அங்கே எடை மிஷின் இருக்கிறது. உயரம் அளக்கச் சுவரில் ஒரு டேப் ஒட்ட வேண்டும். எந்த மருத்துவமனையில் படுக்கை என்று அதற்குப் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.